நாவலர் பெருமானும் அவர் நடத்திய பல காரியங்களும்

கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்தன்று எமது கல்லூரி மண்டபத்தில் நாவலர் பெருமானின் படத்துக்கு மாலை சாத்திக் குருபூசை நடத்துவது வழக்கம். அந்த நாளுக்கெனப் பேச்சுப் போட்டி நடக்கும். சிறுமிகளாயிருந்த நாம் அவர் பிறந்த ஆண்டு, பள்ளிக்கூடம் நிறுவிய ஆண்டு, பதிப்பித்த நூல்களின் பெயர்கள் ஆகியவற்றை மனனஞ்செய்து ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். தமிழ் வசனநடைக்கு வழிகாட்டியவர், சைவம் தழைக்க உழைத்தவர் என்று முடித்துவிட்டுக் கைதட்டலோடு கீழே இறங்குவோம்.

அன்று எம்முள் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இவை அனைத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? தாளும் மையும் வாங்கியவர் யார்? யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும், சென்னையில் இன்னோர் அச்சுக்கூடமும், சிதம்பரத்தில் இன்னொரு பள்ளிக்கூடமும் வைத்திருந்த ஒருவர், தந்தையின் பெருஞ்சொத்தோ அரசின் உத்தியோகமோ இல்லாமல் எவ்வாறு முப்பது ஆண்டுகள் அவற்றைக் கொண்டு நடத்தினார்?

நாற்பது வயதைக் கடந்து, ஆளுக்கொரு தொழிலும் அதற்கு மேல் இரண்டு மூன்று பொதுக்காரியங்களும் தலையில் ஏற்றிக்கொண்டபின்தான் இக்கேள்வி எமக்கு உறைத்தது. எமது சங்கம் நூறாண்டைக் காணும் இவ்வேளையில் அக்கேள்வியை முன்வைத்து அவர் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறோம்.

சம்பளத்தை விட்டுவந்த இளைஞர்

ஆறுமுகம் 1822ஆம் ஆண்டு மார்கழி 18ஆம் நாள் நல்லூரில் பிறந்தார். தந்தையார் கந்தர், தாயார் சிவகாமி. தந்தையார் தமிழ் நாடகங்கள் இயற்ற வல்லவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயதாகும்போது அவர் ஒரு நாடகத்தை முடிக்காமலே காலமானார். பிள்ளை அதனைப் பாடி முடித்தான் என்று அவரது சரித்திரம் எழுதியோர் கூறுவர். அக்காலத்துப் பெரும் புலவர்களாகிய சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் இலக்கண இலக்கியம் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்குவது அதுவே. அங்கே அதிபராயிருந்த பேர்சிவல் பாதிரியார் இவரது கல்வியைக் கண்டு, இருபது வயதளவில் அப்பாடசாலையிலேயே உபாத்தியாயராக்கினார். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் அவருக்குத் துணையாயிருந்தார்.

இக்காலத்தை மத விவாதங்களின் முன்னுரையாக மட்டும் எடுத்துச் சொல்வது வழக்கம். எமக்கோ அதிற் பெரிய தொழிற்பயிற்சி ஒன்று தெரிகிறது. மிஷன் பாடசாலையிற் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் படிப்பிப்பதை அவர் கண்டார். வகுப்புக்கு ஒரு பாடநூல் இருப்பதைக் கண்டார். பாடசாலைக்குப் பின்னால் ஓர் அச்சுக்கூடம் இருந்தாற்றான் அந்தப் பாடநூல் கிடைக்கும் என்பதையும் கண்டார். மிஷனுக்குப் பின்னாற் கடல் கடந்த சபைகளின் பணம் இருந்தது. அத்தகைய பணம் இல்லாத ஊரார் இதைச் செய்ய முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலையாயிற்று.

1847ஆம் ஆண்டு மார்கழி 31ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் அவரும் முறை வைத்துப் பேசினர். அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டே பேர்சிவல் பாதிரியாரின் வேலையையும் அதனோடு வந்த மாதச் சம்பளத்தையும் விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

முன்னதாகவே அவர் தம் வீட்டில் மாலை வேளைகளிற் சில இளைஞர்களுக்குச் சம்பளம் வாங்காமற் கற்பித்து வந்தார். வித்தியாசாலை தொடங்கியபோது உபாத்தியாயர்களாக நின்றவர்கள் அவர்களிற் சிலரே. கட்டடத்துக்கு முன் ஆளைத் தேடியவர் அவர். இதைப் பின்னருங் காண்போம்.

பள்ளிக்கூடத்துக்காக வந்த அச்சுக்கூடம்

வித்தியாசாலையிற் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. ஊரவர் கொடுத்த நன்கொடையும், வீடுகளிற் சோறாக்கும் வேளையில் ஒதுக்கிவைத்த பிடியரிசியுமே அதன் முதல். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் இடுவது பெண்களின் கை. ஆண்பிள்ளைகளே படித்த அப்பள்ளிக்கூடத்தின் வரவுப் பக்கத்தில், பெயர் எழுதப்படாத எத்தனையோ பெண்களின் கைப்பிடி இருக்கிறது என்பதை இம்மலரை வாசிக்கும் நாம் மறத்தல் ஆகாது.

பிடியரிசி ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்கலாம். பாடநூல் அச்சிட அது போதாது. ஏட்டிலிருந்து பிள்ளைகள் எழுதிப் படிக்கும் முறையை விட்டு, வகுப்புக்கு வகுப்பு ஒரே நூலை ஒவ்வொரு பிள்ளையின் கையிலுங் கொடுக்க வேண்டுமென்றால் அச்சியந்திரம் வேண்டும். அதை வாங்குவதற்காக 1849இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் இந்தியா சென்றார். அப்பயணத்தின்போதுதான் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவரது சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. பட்டம் பெற்ற கதை எல்லாருக்குந் தெரியும். அவர் அங்கே போனது யந்திரம் வாங்க என்பதைப் பலர் சொல்வதில்லை. சென்னையிற் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டுக்கொண்டு, யந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது.

அங்கிருந்து பாலபாடங்கள் வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற சிறு நூல்கள் வந்தன. 1851இல் நன்னூல் விருத்தியுரையும் 1852இற் பெரியபுராண வசனமும் வந்தன. இப்பட்டியலை நாம் பேச்சுப் போட்டியில் ஒப்புவித்திருக்கிறோம். இன்று இதை ஒரு கடைக்காரரின் கண்ணாற் பார்ப்போமாயின் வேறொன்று தெரியும். அச்சுத்தொழில் என்பது முதலை முன்கூட்டியே விழுங்குந் தொழில். ஒரு பிரதியேனும் விலைபோவதற்கு முன்னரே தாள், மை, எழுத்துக் கோப்பவர் கூலி, கட்டுபவர் கூலி அனைத்துங் கொடுத்தாக வேண்டும். விலைபோகாத கட்டுக்கள் அறையில் அடுக்கிக் கிடக்கும்போது, போட்ட பணமும் அங்கேயே அடுக்கிக் கிடக்கும். ஆண்டுதோறும் புதுப்பிள்ளைகள் வருவதால் பாலபாடத்துக்கு ஆண்டுதோறும் வாங்குவோர் உண்டு. இலக்கண உரையோ கற்றோர் சிலரால் மெல்ல மெல்லவே வாங்கப்படும். விரைவில் விலைபோவதும் மெல்ல விலைபோவதும் ஒரே யந்திரத்திலிருந்து வந்தமையால் ஒன்று மற்றொன்றைத் தாங்க முடிந்தது.

பெரிய நூல்களுக்கு அவர் வேறொரு வழி வைத்திருந்தார். இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் போன்ற பிரபுக்கள் பொருளுதவி செய்ய முன்வந்தபோது, திருக்கோவையாருரை, திருக்குறட் பரிமேலழகருரை போன்றவற்றைப் பதிப்பித்தார். பரிமேலழகருரை 1861இல் வெளிவந்தது. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பிக்கும் வேலைக்கு நாளும் பணமும் மிகுதியாகச் செல்லும். அந்தச் செலவை வித்தியாசாலையின் பிடியரிசியில் ஏற்றாமற் பிரபுவின் கொடையில் ஏற்றினார்.

ஆகவே வரவு மூன்று வகை. ஊரவரின் சிறுகொடை பள்ளிக்கூடத்துக்கு. புத்தக விற்பனை அச்சுக்கூடத்துக்கும், மிஞ்சியது பள்ளிக்கூடத்துக்கும். பெருங்கொடை பெரும்பதிப்புக்கு. பல சிறு காரியங்களை ஒரே வேளையில் நடத்துவோர் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்திலேதான். எல்லாப் பணத்தையும் ஒரே கொட்டப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, எது எதைத் தின்கிறது என்று தெரியாமல் நிற்பர்.

கடலின் இரு கரையும்

1850களின் இறுதியிலிருந்து நாவலர் நீண்ட காலம் இந்தியாவிற் கழித்தார். 1860களின் பெரும் பகுதி அங்கேயே சென்றது. சென்னையிற் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்று இருக்கச் சென்னையில் இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். தாளும் எழுத்தும் அங்கே வாங்குவது எளிது. ஏடு வைத்திருப்போரும் புத்தகம் வாங்குவோரும் அக்கரையிலேயே மிகுதி. யாழ்ப்பாணம் என்ற சிறு சந்தையை மட்டும் நம்பி ஒரு பதிப்பாளர் பிழைக்க முடியாது. நாவலரின் பதிப்புக்கள் தமிழகமெங்கும் சுத்தப் பதிப்பு என்று பெயர் பெற்றதால், அந்தப் பெயரே விற்பனைக்குத் துணையாயிற்று.

1864இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இப்போது கணக்கிடுவோம். வண்ணார்பண்ணையிற் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும். சென்னையில் அச்சுக்கூடம். சிதம்பரத்திற் பள்ளிக்கூடம். நடுவிற் கடல். ஒரு கடிதம் போய் மறுமொழி வர நாட்கணக்கு. ஒருவர் ஒரே வேளையில் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும். அவர் சிதம்பரத்திலிருக்கையில் வண்ணார்பண்ணையிற் பாடம் நடந்தது. அவர் வண்ணார்பண்ணையிலிருக்கையிற் சென்னையில் அச்சு ஓடியது.

இது எவ்வாறு இயன்றது என்பதற்கு விடை, தொடக்கத்தில் நாம் சொன்ன மாலை வகுப்பிற் கிடக்கிறது. யந்திரம் வாங்கப் போனபோது உடன் சென்ற மாணாக்கர் சதாசிவப்பிள்ளை, நாவலருக்குப் பின் அவரது தருமங்களைப் பரிபாலிப்பவராக விளங்கினார். ஒவ்வொரு காரியத்துக்கும் அதனைத் தன் காரியமென நினைக்கும் ஒருவரை உண்டாக்கிய பின்னரே நாவலர் அடுத்ததற்குக் காலெடுத்து வைத்தார் என்று எமக்குத் தோன்றுகிறது. எழுத்துக்குற்றம் பொறுக்காத, கோபத்துக்குப் பேர்போன மனிதர் அவர். அத்தகையவர் பிறரை நம்பிக் கடல் கடந்து போனார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் திருத்தித் திருத்திப் பழக்கிய கைகளை அவர் நம்பினார்.

கணக்கு விடயத்திலும் அவர் கடுமையானவர். வித்தியாசாலைகளின் தேவையையும் நிலைமையையும் விக்கியாபனங்களாக அச்சிட்டு ஊரவர்க்கு வெளியிட்டார். கோயிற் பணத்தைக் கையாள்வோர் ஊருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அவர் கொள்கை. 1875இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். அதனாற் பலர் பகையாயினர்.

மூடப்பட்ட ஒன்று

1870இல் நாவலர் ஊர் திரும்பினார். அவ்வாண்டிற் கோப்பாயில் ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். வண்ணார்பண்ணை வித்தியாசாலைக்கு அரசினர் உதவி நன்கொடை கிடைத்ததும் அவ்வாண்டிலேதான். தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் அரசின் ஒரு சதமும் இல்லாமல் அப்பள்ளிக்கூடம் நடந்தது என்பதை இங்கே நின்று ஒருமுறை எண்ண வேண்டும்.

1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். கந்தோர் உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் கற்கச் சைவப்பிள்ளைகள் மிஷன் பாடசாலைக்கே போகவேண்டியிருந்தது. ஆகவே தேவை உண்மையான தேவை. ஆயினும் ஆங்கிலப் பாடசாலையின் செலவு வேறு. நிதி போதாமையாற் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது.

எமது பேச்சுப் போட்டிகளில் இந்தப் பாடசாலை ஒரு வரியோடு போய்விடும். பெரியவர்களின் தோல்வியைச் சபையிற் சொல்வது மரியாதையன்று என்று நினைத்தோம் போலும். இன்று எமக்கு அவர் சரித்திரத்தில் மிகவும் படிப்பினை தருவது இதுவே. மானத்துக்கு அஞ்சி அதை நடத்தியே தீருவேன் என்று நின்றிருந்தால், தமிழ் வித்தியாசாலைகளின் பணமும் அச்சுக்கூடத்தின் பணமும் அதனுட் போயிருக்கும். ஒன்றைக் காக்கப் போய் நான்கையும் இழந்திருப்பார். அவர் அதை மூடினார். மற்றவை நிலைத்தன. எண்ணமும் அழியவில்லை. அவர் மறைந்தபின், 1888இல் நிறுவப்பட்ட சைவ பரிபாலன சபை, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்று பெயர் பெற்ற ஆங்கிலப் பாடசாலையை 1890இல் பொறுப்பேற்று வளர்த்தது. ஒருவர் தோளில் ஏற்ற முடியாத சுமையை ஒரு சபையின் தோள்கள் சுமந்தன.

வைத்தியசாலையில் வேலை செய்யும் எமக்கு இது பழகிய கணக்கு. நான்கு கட்டில்களும் இரண்டு தாதியரும் உள்ள வாட்டில் எட்டாவது நோயாளியை ஏற்பது இரக்கம் போலத் தோன்றும். முதல் ஏழு பேருக்கும் அதன் விலை என்ன என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

கஞ்சித்தொட்டி

1876, 1877ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. யாழ்ப்பாணக் குடாநாடு புகையிலையும் பனையும் உடைய நாடு. உண்ணும் அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்தே வரவேண்டும். அக்கரையிற் பஞ்சம் என்றால் இக்கரையிற் சோறில்லை. பஞ்சத்தோடு வாந்திபேதியும் பரவியது. அரச அதிபராயிருந்த துவைனம் துரையின் நிருவாகத்தை நாவலர் எழுத்திற் கண்டித்தார். எழுதியதோடு நில்லாமற் பொருளுடையோரிடஞ் சேர்த்துக் கஞ்சித்தொட்டி வைத்து, பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்தார்.

வாந்திபேதி கிருமியால் வருவதென்று உலகம் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. கொதிக்கவைத்த நீரும், அதிற் கரைந்த சோறும், உப்பும் சேர்ந்த கஞ்சி வாந்திபேதி கண்டவரின் வற்றிய உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பதை, ஒரு நூற்றாண்டு கழித்தே மருத்துவ நூல்கள் எழுதின. பசியாற் தளர்ந்த உடம்பையே பேதி முதலிற் கொண்டுபோகும். நாவலர் வைத்தியரல்லர். பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விற் பாடசாலைக் கட்டடங்களில் விறகு மூட்டிக் கஞ்சி காய்ச்சியவர்களைக் கண்ட எமக்கு, அந்தத் தொட்டி பழங்கதையாகத் தோன்றவில்லை.

நிருவாகம் என்ற வகையில் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. கஞ்சித்தொட்டி பஞ்சத்துக்காக வந்தது. பஞ்சத்தோடு முடிந்தது. அதை நிரந்தர நிறுவனமாக்கவில்லை. ஆனால் அரிசிக்கு அயலூரை நம்பியிருக்கும் நிலையை மாற்றவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் நின்றது. கிழக்கு மாகாணத்து வயல்நிலங்களில் நெல் விளைவிக்கவெனக் கமத்தொழில் வணிகக் கம்பனி ஒன்றை உண்டாக்கும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். ஒரு காரியம் எத்தனை நாளைக்கு என்று தெரிந்து தொடங்குவதும் நிருவாகமே.

கடைசி ஆண்டு

1879ஆம் ஆண்டு சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையிற் சட்டநிரூபண சபையிற் தமிழர் பிரதிநிதியாயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அவ்விடத்துக்கு யாரை விடுவது என்ற கேள்வி எழுந்தபோது, வைகாசி மாதத்தில் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிற் கூட்டங் கூட்டி, இளைஞராகிய பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துப் பேசினார் நாவலர். இராமநாதன் அப்பதவியைப் பெற்றார்.

ஆடிச் சுவாதியிற் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைக்கு வண்ணார்பண்ணையிற் செய்த பிரசங்கமே அவரது கடைசிப் பிரசங்கம். அதன்பின் உடல் தளர்ந்தது. 1879 மார்கழி 5ஆம் நாள் மறைந்தார். இன்னும் இரண்டு கிழமை கழிந்திருந்தால் ஐம்பத்தேழு வயது நிரம்பியிருக்கும். நாடி பார்க்காத நோயாளிக்கு வியாதியின் பெயர் சொல்வது வைத்திய முறையன்று. ஆயினும் முப்பது ஆண்டுகள் ஓய்வின்றிப் படித்து, எழுதி, பிழை திருத்தி, பிரசங்கித்து, கடன் அடைத்து, கடல் கடந்த ஓர் உடம்பு ஐம்பத்தாறு வயதிற் தளர்வதில் எமக்கு வியப்பில்லை. பிறரைப் பழக்கிக் காரியங்களைக் கொடுத்தார். ஏடு பார்ப்பதையும் பிழை திருத்துவதையும் மட்டும் கடைசிவரை தம் கையிலேயே வைத்திருந்தார். அவர் எழுதத் தொடங்கி முடியாமற் போனவை உண்டு. அவர் இன்னொரு பத்தாண்டு இருந்திருந்தால் என்று தமிழறிந்தோர் ஏங்குவது அதனாலேயே.

மணஞ்செய்யாதவர். தமக்கெனப் பொருள் சேர்க்காதவர். ஆயினும் அவர் வைத்தவை நின்றன. சிதம்பரத்துப் பள்ளிக்கூடம் அவர் பெயரோடு இன்றும் நடக்கிறது. வண்ணார்பண்ணையிலும் அவர் பெயரிற் பாடசாலை உண்டு. தங்கசாலைத் தெரு அச்சுக்கூடத்தின் முத்திரையோடு இருபதாம் நூற்றாண்டிலும் பதிப்புக்குப் பின் பதிப்பு வந்தது. எமது பாட்டிமார் வீட்டு இறாக்கையில் இருந்த சைவ வினாவிடையும் பாலபாடமும் அவ்வாறு வந்தவையே.

எமக்கு உரிய பங்கு

அவரைப் புகழ்வதோடு நின்றால் அது அவருக்கு உவப்பாகாது. அவரது பள்ளிக்கூடங்கள் ஆண்பிள்ளைகளுக்கானவை. பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிக்கூடம் அவர் வைக்கவில்லை. அவர் சிறு குழந்தையாயிருந்த வேளையில், அதாவது 1824இல், உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டனர். சைவர்கள் அந்த அளவில் முன்வர ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. சாதி வரம்பையும் அவர் தாண்டினாரில்லை. அவர் கட்டிய வித்தியாசாலையின் வாசல் எல்லாருக்குந் திறந்த வாசல் அன்று. அவர் விட்ட குறைகளைச் சொல்வதும் அவரிடமிருந்து கற்ற நேர்மையே என்று கொள்கிறோம்.

ஆனாலும் ஒரு நூல் இழை எம்மிடம் வந்து சேர்கிறது. 1879இல் அவர் கைகொடுத்து ஏற்றிவிட்ட இராமநாதன், 1913இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி நிறுவினார். எமது தலைமுறைச் சைவப் பெண்கள் மருத்துவம், சட்டம், பொறியியல் என்று படிக்க அமைந்த பாதையிற் பிடியரிசியும் உண்டு, அந்த வைகாசிக் கூட்டமும் உண்டு.

இப்போது எமது சங்கத்தைப் பார்ப்போம். புலமைப்பரிசில் நிதி ஒன்று, காலைச் சாப்பாட்டு நிதி ஒன்று, நூலக நிதி ஒன்று, மருத்துவ முகாம் ஒன்று, தாயை இழந்த பிள்ளைகளுக்கான உதவி ஒன்று. இதற்கு மேல் ஆண்டுக்கொரு பிரிவினரும் நாட்டுக்கொரு கிளையினரும் தத்தம் பெயரிற் புதிதாக ஒன்று தொடங்க விரும்புகின்றனர். தொடங்கும் ஆர்வம் எம்மிடம் குறைவில்லை. காரியதரிசியும் தனாதிகாரியும் உட்பட ஊரில் நின்று சுமப்பவர்கள் நான்கைந்து பேர். அவர்களும் எமது வயதினர். அவர்களுக்குப் பின் யார் என்று கேட்டால் கூட்டத்தில் எல்லாரும் குனிந்துகொள்கிறோம்.

நாவலர் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு வாசித்தபின், தூரத்திலிருக்கும் தோழியரிடம் நாம் மூன்று காரியங்களைக் கேட்கத் துணிகிறோம். முதலாவது, புதிய நிதி ஒன்றை உண்டாக்குமுன், இருக்கும் ஒன்றுக்குப் பிடியரிசி போல மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். ஒருமுறை வரும் பெருந்தொகையை விட மாதந்தவறாமல் வருவதை நம்பித்தான் ஒரு பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வாக்களிக்க முடியும். இரண்டாவது, ஒவ்வொரு நிதிக்கும் தனிக்கணக்கு வைத்து ஆண்டறிக்கையில் அச்சிடச் சங்கத்தை வற்புறுத்துங்கள். இயலாத ஒன்றை மூடவேண்டியிருந்தால் அதைத் தோல்வியென்று தூற்றாதீர்கள். மூன்றாவது, பல்கலைக்கழகத்திலும் வேலையிலும் இப்போதுதான் காலடி வைத்திருக்கும் இளைய மாணவியரிற் பத்துப்பேரை இனங்கண்டு, கூட்டத்திற் கதிரை அடுக்க மட்டும் கூப்பிடாமற் கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையிற் கொடுக்க உதவுங்கள்.

அடுத்த கார்த்திகை மகத்தில் எமது மண்டபத்திற் சிறுமி ஒருத்தி மேடையேறி 1822 என்று தொடங்குவாள். அவளுக்குப் பரிசு கொடுக்கும் நிதி அப்போதும் இருக்கவேண்டும். அதன் கணக்கை எழுதுபவள் எம்மிலும் இருபது வயது இளையவளாக இருக்கவேண்டும்.